முசுறு வந்த வழி

முசுறு எறும்பு மண்ணில் குடியிருக்காது. பிள்ளைகளே, இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்திருங்கள். மற்றதை நான் சொல்லச் சொல்லக் கேட்டால் போதும்.

திரியாயில் லக்சனா என்று ஒரு பெண். முப்பத்துமூன்று வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் விதைநெல் மூட்டைகள் வந்திறங்கும் களஞ்சியம் ஒன்றில் அவளுக்கு வேலை. மூட்டைகளில் வண்டு இருக்கிறதா, எறும்பு இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுத வேண்டும். விடியற்காலை முதல் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வருவாள். அவளுடைய புருஷன் இராகுலன் கடலுக்குப் போகிறவன். மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை போனவன் திரும்பி வரவில்லை. நாலாம் நாள் படகு மட்டும் புல்மோட்டைப் பக்கம் ஒதுங்கியது. இயந்திரம் இருந்தது, வலை இருந்தது, அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியும் இருந்தது. பெட்டிக்குள் சோறு இல்லை. அவன் தின்றானா, கடல் தண்ணீர் கொண்டுபோனதா என்று சொல்ல ஆளில்லை. லக்சனா அந்தப் பெட்டியைக் கழுவி, கவிழ்த்து, குசினித் தட்டில் வைத்தாள். ஒன்பதாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் அழவில்லை என்று ஊரில் கதைத்தார்கள். அழாமல் இருக்க வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால், மிதிபட்டது தன் கால்தான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்படி ஒரு மாதிரி இருந்தாள். வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அழுததெல்லாம் மாமிதான். இராகுலனின் தாய் பாக்கியரத்தினம். கண்ணில் வெள்ளை படர்ந்து, சத்திரசிகிச்சைக்கு நாள் எடுத்துவிட்டுக் காத்திருந்தவள். மகன் வீட்டுக்கு வரும்வரை சோறு தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தேத்தண்ணியும் இரண்டு விசுக்கோத்தும்தான். ஒரு மாதம் போனபோது கதிரையில் இருந்து எழும்பச் சுவரைப் பிடித்தாள்.

களஞ்சியத்தில் அந்த நாட்களில் ஒரு பிரச்சினை. வாசலில் நிற்கும் பெரிய புளியமரத்தில் முசுறு இருந்தது. மூட்டை தூக்குகிறவர்களின் கழுத்தில் விழுந்து கடித்தது. உள்ளே விதைநெல் மூட்டைகளில் ஓட்டை விழுந்து நெல் குறைந்துகொண்டும் வந்தது. இரண்டும் ஒரே எறும்பின் வேலைதான் என்று முடிவு கட்டி, புளியமரத்துக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். முசுறு செத்து விழுந்தது. நெல் குறைவது நிற்கவில்லை.

பொறுப்பதிகாரி அபூதாஹிர் கிண்ணியாக்காரர், அதிர்ந்து கதைக்காத மனிதர்.

"லக்சனா புள்ள, எறும்பு ரெண்டுதான். சிவத்தது கடிக்கும், கறுத்தது களவெடுக்கும். இது எனக்கும் உங்களுக்கும் தெரியும். இவங்களுக்கு ஒரு தாள்ல வெளங்கிற மாதிரி எழுதி வாசல்ல ஒட்டுங்க. எது எங்க இருக்கு, எது எத்தத் தின்னுது, அவ்வளவும் போதும்."

"எழுதிறதுக்கு முதல் வைச்சுப் பாக்கிறன் சேர்," என்றாள் லக்சனா.

சிரட்டைகளை எடுத்தாள். ஒன்றில் பிடி நெல், ஒன்றில் கருவாட்டுத் துண்டு. இரண்டையும் சோடியாக மரத்தின் கவட்டில் ஒரு இடம், களஞ்சியச் சுவரோரப் புல்லுக்குள் ஒரு இடம் என்று வைத்தாள். மூன்று நாள் பார்த்தாள். மரத்தில் முசுறு கருவாட்டை நார் நாராகக் கிழித்து மேலே கொண்டுபோனது. நெல்லின் மேலே ஏறி நடந்தது, ஒன்றைக்கூடத் தூக்கவில்லை. புல்லுக்குள் கறுத்த எறும்பு, தலை பெருத்தது, நெல்லை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போனது. கருவாடு வழியில் கிடந்தால் சுற்றிக்கொண்டு போனது. அதன் பொந்து வாயைச் சுற்றி உமி வளையமாகக் குவிந்திருந்தது. ஒரு நாள் மழை தூறி வெயில் வந்தபோது, நனைந்த நெல்லை வெளியே கொண்டுவந்து மண்ணில் பரப்பிவிட்டு நின்றதையும் கண்டாள். முசுறுக்கு அந்தச் சோலியே இல்லை. இலைகளை இழுத்துப் பிடித்து, குஞ்சுப் புழுவை வாயில் கவ்விக்கொண்டு, அந்தப் புழு விடும் நூலால் இலையோடு இலையைத் தைத்து வீடு கட்டும். பச்சை இலை மேல் ஒட்டியிருக்கும் பூச்சி விடுகிற இனிப்புத் தண்ணீரைக் குடிக்கும். புழு, வண்டு, செத்த மீன், எது சதையோ அது வேண்டும். சாமான் கட்டித் தொங்கவிட்ட கயிறு ஒன்று போதும், இறங்கி வந்துவிடும். கயிறு எட்டாவிட்டால் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலி போட்டு இறங்கும்.

இதையெல்லாம் எழுதும்போது லக்சனாவுக்கு நேரம் போனது. போனதென்பதே அவளுக்குப் பெரிய உதவி.

முப்பத்தெட்டாம் நாள் பின்னேரம் மாமியின் தமையன் இராசையா வந்தார். முற்றத்துக் கதிரையில் இருந்தார்.

"பாக்கியம், நாப்பதாகப் போகுது. ஊர் கேக்குது. இருக்கிறான் எண்டால் இருக்கிறான் எண்டு சொல்லுங்கோ, இல்லையெண்டால் செய்ய வேண்டியதைச் செய்யுங்கோ. அந்தரத்தில விட ஏலாது."

"எந்த நாளை வைச்சு எட்டுச் செய்யிறது அண்ணை? செத்த நாள் தெரியுமே உனக்கு?" என்றாள் மாமி.

இராசையா லக்சனாவின் பக்கம் திரும்பினார். அவள் சாப்பாட்டுப் பையோடு அப்போதுதான் படலை திறந்து வந்திருந்தாள்.

"பிள்ளைக்கு வேலை கூடப்போல. உங்கட கந்தோரில இப்ப எறும்புக்கும் அடையாள அட்டை குடுக்கிறீங்களாம்?"

"குடுக்கத்தான் வேணும் மாமா. ஆளை மாறிச் சுடுறாங்கள்," என்றாள் லக்சனா.

இராசையா சிரித்தார். மாமி சிரிக்கவில்லை.

"எப்பிடி அடையாளம் பிடிக்கிறனீ?" என்று கேட்டாள்.

லக்சனா சிரட்டைகளைப் பற்றிச் சொன்னாள். மாமி கேட்டால் மட்டும் அவள் கொஞ்சம் நீளமாகக் கதைப்பாள். சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும், பிறகு வந்து பார்க்க வேண்டும், எது குறைந்திருக்கிறதோ அதை வைத்தே வந்தது யார் என்று சொல்லலாம் என்றாள்.

மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப நாங்களும் வைச்சுப் பாப்பம்," என்றாள்.

எட்டாம் நாள் படையல் உங்களுக்குத் தெரியும். செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்து அறைக்குள் படைத்துக் கதவைச் சாத்துவார்கள். கதவைத் திறந்ததும் முதலில் சோற்றைப் பார்ப்பார்கள், ஆள் வந்து போனதா என்று. ஆனால் அது செத்தவர் என்று தெரிந்தவர்களுக்கு வைப்பது. இருக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிக்க யாரும் வைத்ததில்லை. மாமி வைக்க நினைத்தாள்.

"நாப்பதாம் நாள் பின்னேரம் படைப்பம். விடிஞ்சு கதவைத் திறப்பம். தொட்டிருந்தால் என்ர பிள்ளை உயிரோட இல்லை. நான் முப்பத்தொண்டாம் நாள் காரியம் செய்து, சோறு தின்னுறன். தொடேல்லை எண்டால் அவன் எங்கேயோ இருக்கிறான். பிறகு நீயும் வாய் திறக்கக்கூடாது அண்ணை."

"பூனை தின்னும், எலி தின்னும், பிறகென்ன செய்வாய்?"

"நிலத்தில மா தூவுறன். பூனை நடந்தால் கால் தெரியும். எறும்புக்கு..." மாமி லக்சனாவை நோக்கிக் கையை நீட்டினாள். "எறும்புக்குத்தான் இவள் இருக்கிறாளே. இவளே வைக்கட்டும். எறும்பு தின்னதெண்டு பிறகு ஒருத்தரும் சொல்ல ஏலாது."

தாலிக்கொடியைப் பற்றி அவர்கள் யாரும் கதைக்கவில்லை. இராசையா போகும்போது மட்டும் லக்சனாவின் கழுத்தை ஒருதரம் பார்த்தார். தொட்டிருந்தால் அதையும் கழற்ற வேண்டும். லக்சனா அதைத் தெரிந்துகொண்டாள். தெரிந்ததைத் தவிர அவளுக்குள்ளே ஒன்றும் அசையவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய் அரிசி போட்டாள்.

நாற்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. அவள் அரைநாள் லீவு எடுத்து வந்தாள். மாமி சூடைமீன் பொரித்து வைத்திருந்தாள். இராகுலனுக்குப் பொரித்த சூடை என்றால் உயிர். குத்தரிசிச் சோறு, பருப்பு, பொரித்த சூடை ஆறு. வாழையிலையில் போட்டார்கள்.

லக்சனா வேலையைச் செய்தாள், பிள்ளைகளே, களஞ்சியத்தில் செய்வது மாதிரியே செய்தாள். அறையின் நடுவில் ஸ்டூலை வைத்தாள். நாலு காலுக்கும் நாலு பால்பேணி. பேணிகளில் தண்ணீர் விட்டாள், மேலே இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டாள். இந்த ஊரில் மாவும் சீனியும் வைக்கிற அலுமாரிக் கால்களுக்கு எல்லாரும் செய்வதுதான். மாமி குனிந்து, சுவரோரம் முதல் சுவரோரம் வரை மா தூவினாள். கண் தெரியாததால் ஓர் இடத்தில் தடிப்பாகவும் ஓர் இடத்தில் மெல்லிசாகவும் விழுந்தது.

"அவன்ர சேட்டை மேல தொங்க விடு பிள்ளை. தன்ர சாப்பாடெண்டு தெரியட்டும்."

நீலக் கோடு போட்ட சேட்டு. லக்சனா அதை எடுத்து, கயிறு கட்டி, கூரை வளையில் இருந்து ஸ்டூலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கத் தொங்கவிட்டாள். கயிறு கட்டும்போது யன்னலுக்கு மேலே ஓட்டு இடைவெளியால் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் மாமரத்துக் கொப்பொன்று ஓட்டில் சாய்ந்து கிடந்ததைக் கண்டாள். இலை தைத்த கூடு இரண்டு அதில் இருந்தன. கண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். கண் அங்கே போனது, நின்றது, திரும்பி வந்தது. பிறகு இறங்கினாள்.

அவள் மறந்தாளா, வேண்டுமென்று விட்டாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவளும் தன்னிடம் கேட்டுப் பார்த்தவள்தான். கதவு சாத்தும்போது அவளுடைய மனதில் இருந்தது கறுத்த எறும்பு மட்டும். அது தரையால் வரும், தண்ணீரில் நிற்கும். வேலை முடிந்தது. விளக்கைக் கொளுத்திவிட்டு வெளியே வந்தார்கள்.

விடிந்து வெயில் ஏறியபின் இராசையா வந்தார். மாமி குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றாள். லக்சனா கதவைத் திறந்தாள்.

மாவில் ஒரு கால்தடமும் இல்லை. பூனை இல்லை, எலி இல்லை. பேணிகளில் தண்ணீர் அப்படியே நின்றது. மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு மாவின் மேலே நடந்து போய், இலைக்கு மேலே குனிந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். விரலால் தடவினாள்.

"முள்ளு," என்றாள். "முள்ளுத்தான் கிடக்கு. அண்ணை, முள்ளுத்தான் கிடக்கு. என்ர பிள்ளை வந்திட்டுப் போட்டான்."

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். சேலையெல்லாம் மா. நாற்பது நாளும் அவள் அழுதது ஒரு அழுகை, இது வேறொன்று. சத்தம் கூட இல்லை. இராசையா தோளிலிருந்த துவாயை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

லக்சனா இலையைப் பார்த்தாள். ஆறு சூடையில் நாலு முள்ளாகக் கிடந்தன. மற்ற இரண்டில் மிளகாய்த்தூள் மாதிரிச் சிவப்பு. மிளகாய்த்தூள் அசைந்தது. கண்ணை மேலே கொண்டுபோனாள். சேட்டின் கைவாசலில் இருந்து சிவப்பாக ஒரு நூல் தொங்கியது. ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்வியபடி இலைவரை இறங்கியிருந்தது. கொலரில் இருந்து கயிறு, கயிற்றில் இருந்து வளை, வளையில் இருந்து ஓட்டு இடைவெளி, மாங்கொப்பு. ஒவ்வொன்றும் வாயில் வெள்ளைச் சதையோடு மேலே போய்க்கொண்டிருந்தது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். மாமி சோறு தின்பாள், எழும்பி நடப்பாள். சொன்னால் திரும்பவும் தேத்தண்ணியும் விசுக்கோத்தும். ஆனால் சொல்லாவிட்டால் இராகுலன் செத்தவன். அவனைச் சாகடித்தது ஒரு கயிறும், கயிறு கட்டிய அவளுடைய கையும். அவள் அப்படியெல்லாம் வரிசையாக நினைக்கவில்லை. களஞ்சியத்தில் தாளில் எழுதுவதை வாயால் சொன்னாள், அவ்வளவுதான்.

"மாமி, முசுறு."

"என்ன?"

"முசுறு தின்னிருக்கு. மாமரத்தால வந்து, சேட்டுக்குள்ளால இறங்கியிருக்கு. நான்தான் கொப்பைப் பாக்காமல் விட்டனான். என்னிலதான் பிழை. இது செல்லாது மாமி."

இராசையா துவாயை எடுத்தார். கிட்ட வந்து பார்த்தார். "ஓம், முசுறுதான்," என்றார் மெல்ல.

மாமி நிலத்தில் இருந்தபடியே நிமிர்ந்தாள்.

"அதுக்கென்ன? வேற எப்பிடி வருவான்? காலோடயோ வரச் சொல்லுறாய்? அவன்ர சேட்டுக்குள்ளாலதானே வந்தது? உன்ர சேட்டுக்குள்ளால வந்ததோ?"

லக்சனா இலையின் மற்றப் பக்கத்தைக் காட்டினாள்.

"சோறு கிடக்கு மாமி. ஒரு பருக்கை குறையேல்லை. பருப்பும் கிடக்கு. முசுறு சோறு தின்னாது. மீன் மட்டும்தான்." குரல் களஞ்சியத்துக் குரலாகவே இருந்தது. "சோறில்லாமல் அவருக்கு மீன் இறங்காது. சோத்தைக் குழைச்சு உள்ளுக்குள்ள முள்ளெடுத்த சூடையை வைச்சுத்தான் தின்னுறவர். வெறும் மீனை ஒரு நாளும் தின்ன நான் காணேல்லை. நீங்க கண்டனீங்களே?"

மாமி இலைப் பக்கம் கையை நீட்டினாள். லக்சனா அந்தக் கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தாள். கூம்பாக வைத்த சோறு, வைத்தபடியே, காய்ந்து இறுகி இருந்தது. மாமி அதை மேலிருந்து கீழ்வரை தடவினாள், பிள்ளையின் தலையைத் தடவுவது மாதிரி. இரண்டுதரம் தடவினாள்.

இராசையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ பேசாத அண்ணை," என்றாள் மாமி.

வெளியே பஸ் ஒன்று போனது. சேட்டு கொஞ்சம் ஆடியது. சங்கிலி அறுந்து, பிறகு திரும்பவும் கோத்துக்கொண்டது.

"அவன் சின்னனில இருந்தே," என்றாள் மாமி, "கோப்பையில கடைசிப் பிடியை எனக்கு வைச்சிட்டுத்தான் எழும்புவான். கலியாணம் கட்டின பிறகு உனக்கு வைச்சிருப்பான். எனக்குத் தெரியாது."

"ஓம், வைக்கிறவர்," என்றாள் லக்சனா.

"அப்ப இது மிச்சம்."

சோற்றில் ஒரு பிடி எடுத்தாள். உருண்டையாகப் பிடிக்க வரவில்லை, உதிர்ந்தது. உதிர்ந்ததை மடியில் இருந்து பொறுக்கி வாயில் போட்டாள். நாற்பது நாளுக்குப் பிறகு சோறு. மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கத் தண்ணீர் கேட்டாள். லக்சனா குசினிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மாமி குடித்துவிட்டு அடுத்த பிடியை எடுத்தாள்.

"நான் முப்பத்தொண்டு செய்யப்போறன் பிள்ளை. என்னால இனிப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. கண்ணும் இல்லை, காலும் இல்லை." வாயில் சோற்றோடு கதைத்தாள். "நீ உன்ர பாட்டில இரு. சோறு கிடந்ததெண்டு நீ சொல்லுறாய். கிடந்ததுதான், நானே தடவிப் பாத்தனான். உன்ர கழுத்தில ஆரும் கை வைக்கமாட்டினம். அண்ணை, கேட்டதே?"

"ஒரு வீட்டில ரெண்டு விதமாய் எப்பிடி பாக்கியம்?" என்றார் இராசையா.

"இருப்பம்," என்றாள் மாமி. "நீ வந்து இருக்கப்போறியோ?"

லக்சனா சேட்டை இறக்கினாள். கயிற்றை அவிழ்க்கும்போது முசுறு கைகளில் ஏறிக் கடித்தது. முழங்கை வரை ஏறியது. கடிக்கிறது என்று தெரிந்தது. நொந்தது என்று சொல்ல ஏலாது. முற்றத்துக்குக் கொண்டுபோய், மாமரத்தடியில் நின்று, ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, சேட்டைக் கொடியில் போட்டாள். பின்னேரம் கைகள் தடித்திருந்ததைப் பார்த்து மாமிதான் தேசிக்காய்ச் சாறு பூசினாள்.

திங்கட்கிழமை களஞ்சிய வாசலில் தாளை ஒட்டினாள். முசுறு: மரத்தில் இருக்கும், இலை தைத்து வீடு கட்டும், சதையும் இனிப்பும் தின்னும், நெல்லைத் தொடாது, மேலிருந்தும் வரும். கறுத்த விதையெறும்பு: மண்ணில் இருக்கும், விதை தின்னும், சதையைத் தொடாது, தரையால் வரும், தண்ணீர் தாண்டாது. அபூதாஹிர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"மேலிருந்தும் வரும் எண்டு எழுதியிருக்கிறீங்க. இதையும் வைச்சுப் பாத்தீங்களா புள்ள?"

"ஓம் சேர்."

"எங்க?"

"வீட்டில."

அவர் புளியமரத்துக்கு மருந்து அடிப்பதை நிறுத்தச் சொன்னார்.

சித்திரையில், கதவு திறந்த நாளை முதல் நாளாக எண்ணி, மாமி முப்பத்தொன்று செய்தாள். ஐயர் வந்தார், இராசையா முன்னுக்கு நின்று நடத்தினார். லக்சனா அன்றைக்கும் பொட்டு வைத்துக்கொண்டு, தாலிக்கொடியைச் சட்டைக்குள்ளே விட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டாள். மாமி குசினி வாசலில் சுவரைப் பிடிக்காமல் நின்றாள். குசினித் தட்டில் கவிழ்த்திருந்த இராகுலனின் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து, அதில் சோறு போட்டு, கட்டி, அவளுடைய கையில் கொடுத்தாள்.

பஸ்ஸில் அவள் அதை மடியில் வைத்திருந்தாள். அடியில் சூடாக இருந்தது. மூடியைத் திறக்காமலே உள்ளே பொரித்த சூடை இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்தது.